நிழல் கறுப்பாக விழவே மாட்டேன் என்கிறது, நாளைக்குள் உதவி வேண்டும்

சென்னிமலைக்காரன்
வணக்கம். ஒளியும் நிழலுமாக, ஆளின் உருவம் மட்டும் தனியாகத் தெரிகிற மாதிரி தெருப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கூரை இடுக்கு வழியாக வெயில் கோடாக இறங்குகிறது, துணி மூட்டை தூக்குகிறவர் அதற்குள் நுழையும்போது கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது. படத்தில் பார்த்தால் எல்லாம் வெளிறி, நிழல் சாம்பலாகி, ஆள் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுகிறார். எல்லா செட்டிங்கும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நாளை வியாழன், விடியும்போதே கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நிற்பேன். அதற்குள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கூடுதுறை
கேமராவா போனா? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? எந்த மோட்? ஒரு படத்தையாவது போட்டால்தானே சொல்ல முடியும்.

நொய்யல்கரை
போன் என்றால் சந்தேகமே வேண்டாம், எச்டிஆர்தான் (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் வசதி). நிழலை அதுவே தூக்கிக் காட்டிவிடும். அதை அணைத்துவிட்டு, வெயில் விழுந்த இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

பழையலென்ஸ்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது, புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. தம்பி, கேமராவை ஓரமாக வையுங்கள், முதலில் சூரியனைப் படியுங்கள். மார்ச், செப்டம்பரில் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கே எழும், அப்போது கிழக்கு மேற்காகப் போகும் தெருவில் வெயில் நீளவாக்கில் ஓடும். நம் ஊர் இருப்பது 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும். மார்ச்சில் காலை 9.30-க்கு உங்கள் நிழல் உங்கள் உயரத்துக்கு இருக்கும். அதற்கு மேல் போனால் வடிவம் கிடைக்காது. இதெல்லாம் தெரியாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் எப்படி.

சென்னிமலைக்காரன்
போன் இல்லை. கேனான் 200டி, கூட வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ். பி மோட் (வெளிச்சத்தைக் கேமராவே கணக்கிடுவது). எடுத்தது 11 மணி வாக்கில்.

தறிச்சத்தம்
சரி, இப்போது பேசலாம். நேரம் முக்கியம்தான், ஆனால் அவருக்குக் கூரை இடுக்கில் கோடு நன்றாகவே விழுகிறது, அதனால் 11 மணி இங்கே குற்றவாளி இல்லை. இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, மெனுவில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்று இருக்கும். அது ஜேபெக் படத்தில் இருட்டான பகுதியைத் தானாகவே வெளுக்க வைக்கும். அணைத்துவிடுங்கள். (நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு இதுவே ஆக்டிவ் டி-லைட்டிங்.) ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுத்தால் கோப்பில் இது ஏறாது.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். சட்டகத்தில் முக்கால்வாசி இருட்டு என்றால் கேமராவின் ஒளிமீட்டர் அந்த இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கிவிடும். உங்களுக்கு வேண்டியதோ அந்தக் கோடு மட்டும். எல்லாம் நாமே வைக்கும் எம் மோடுக்குப் போய் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் வேகம் 1/800 நொடி வைத்து, வெயில் விழும் தரையை மட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தரையின் சொரசொரப்பு தெரிந்தால் சரி. விடிகாலைத் தாழ்வெயிலுக்கு 1/400 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டி வரும். அப்புறம் அதைத் தொடவே கூடாது. நிழல் தானாகக் கறுத்துவிடும், ஆள் வரும் வரை நிற்பது மட்டுமே வேலை.

மஞ்சள்மண்டி
என் கருத்து, கிட் லென்ஸில் இது வராது. 50 எம்எம் ஒன்று வாங்கிவிடுங்கள், எஃப் 1.8-ல் பின்னணி கரைந்துபோகும், ஆள் தனியாகத் தெரிவார்.

தறிச்சத்தம்
நாளைக் காலை சந்தைக்கு இன்று லென்ஸ் வாங்கச் சொல்கிறீர்களே! பின்னணியைக் கரைத்தால் அவர் கேட்கும் வடிவமும் கரையும். கிட் லென்ஸே இதற்கு நல்லது. 18 எம்எம்மில், எஃப் 8-ல், 2 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். அந்த லென்ஸில் தூர அளவு குறித்திருக்காது, அதனால் 2 மீட்டரில் இருக்கும் தூணைப் பிடித்து ஃபோகஸ் செய்து, லென்ஸின் பக்கத்துச் சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளுங்கள். கேமராவை அணைத்துப் போட்டால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பழையலென்ஸ்
எல்லாம் சரி, வடிவம் கற்க வேண்டுமானால் கலரை விட்டுவிட வேண்டும். கறுப்பு வெள்ளையில்தான் கண் பழகும்.

மஞ்சள்மண்டி
மாட்டுச் சந்தையில் கலரை விடுவதா? சிவப்புச் சாயம் பூசிய கொம்பு, மூக்கணாங்கயிறு, தோளில் பச்சைத் துண்டு. புகைப்படக்காரர் ரகுபீர் சிங் நம் நாட்டுத் தெருக்களை ஆயுசு முழுக்க கலரிலேயே எடுத்தார், அவர் சட்டகத்தில் வடிவம் இல்லையா?

பழையலென்ஸ்
அவர் கற்று முடித்தவர். கற்கிறவனுக்குப் புகைப்படக்காரர் ஃபேன் ஹோவைக் காட்டுங்கள், ஹாங்காங்கில் ஒளியை வைத்தே கட்டிய படங்கள்.

நொய்யல்கரை
ஃபேன் ஹோ 1954-ல் எடுத்த, சுவரோரம் பெண் நிற்கும் புகழ்பெற்ற படத்தில் அந்தச் சாய்ந்த நிழல் இருட்டறையில் சேர்த்தது. ‘காத்திருந்தால் வரும்’ என்று புதியவர்களை அதைக் காட்டி நிற்க வைப்பது நியாயமில்லை.

பழையலென்ஸ்
சேர்த்தாலும் எங்கே சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது பார்வைதானே.

கூடுதுறை
இரண்டு பேருக்கும் ஒரு வழி உண்டு. ரா-வும் ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள், பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமில் வையுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா-வில் கலர் அப்படியே இருக்கும்.

இனி மாட்டுச் சந்தை விஷயத்துக்கு வருகிறேன். வெயிலை முதுகில் வாங்கி நின்றால் புழுதி தெரியாது, சூரியனைப் பார்த்து எடுங்கள், அப்போதுதான் புழுதி ஒளிரும். குத்துக்கால் போட்டு உட்காருங்கள். மேலேயிருந்து எடுத்தால் திமில் தரையோடு ஒட்டிப்போகும், கீழிருந்து பார்த்தால் திமிலும் கொம்பும் வானத்தில் வெட்டாக நிற்கும். மாடு பக்கவாட்டில் திரும்பும்போது, நான்கு காலுக்கு நடுவிலும் வெளிச்சம் தெரிகிற நொடியில் அழுத்துங்கள். மனிதருக்கும் இதே கணக்கு: இரண்டு பேருக்கு நடுவே ஒரு விரல் அகலமாவது வெளிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடுவார்கள்.

இன்னொன்று. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள், அங்கே கேமராவை நீட்ட வேண்டாம். விலை மறைவாக இருக்கத்தான் அந்தத் துண்டு. பேரம் முடிந்ததும் கேட்டுக்கொண்டு எடுங்கள், மறுக்க மாட்டார்கள்.

மஞ்சள்மண்டி
கேட்டால் விறைத்து நிற்பார்களே, அது தெருப் படமா?

கூடுதுறை
கேட்டுவிட்டு அரை மணி அங்கேயே இருங்கள். நீங்கள் இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

சென்னிமலைக்காரன்
போய்வந்தேன். ஆப்டிமைசரை அணைத்து எம் மோடில் எடுத்தேன், கறுப்பு கறுப்பாகவே வந்திருக்கிறது. வெயில் ஏறும் முன் 1/250 வரை இறங்க வேண்டியிருந்தது. கொம்பு வானத்தில் விழுந்த படம் ஒன்று கிடைத்தது. ஆட்களைப் பிரித்து எடுப்பதுதான் இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

கூடுதுறை
அந்தப் படத்தைப் போடுங்கள். கூடவே பிரியாமல் போன படம் ஒன்றும் போடுங்கள், எந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்திருக்கலாம் என்று பார்ப்போம்.