கதவுக் கைப்பிடியில் கரண்ட்

குழு: எங்க வீடு

சனி

நான், அமெரிக்காவில் மாலை 7.48
அப்பா, எழுந்துவிட்டீர்களா? போன மாதம் வாங்கிய 1974 வின்னபாகோ மோட்டார்ஹோமுக்கு (வீடு மாதிரி உள்ளே தங்கும் வண்டி) இன்று கரேஜிலிருந்து ஒயர் இழுத்து கரண்ட் கொடுத்தேன். இங்கே மழை, புல்லெல்லாம் ஈரம். வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுருக்கென்றது. லேசாகத்தான். பழைய வண்டி என்றால் அப்படி இருக்குமா?

அப்பா, 7.49
எந்த வண்டியிலும் இருக்கக் கூடாது. இனி அதைத் தொடாதே. முதலில் கரேஜ் பிரேக்கரை இறக்கு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கு. பிள்ளைகள் எங்கே?

நான், 7.55
வீட்டுக்குள் இருக்கிறார்கள். பிடுங்கிவிட்டேன். ஆனால் வண்டிக்குள் விளக்கு இன்னும் எரிகிறது!

அக்கா, 7.55
ஐயோ, பிடுங்கின பிறகு எப்படிடா எரியும்?

அப்பா, 7.59
அது பேட்டரி, எரியட்டும். நீ அனுப்பிய ஒயரிங் படத்தை பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் மூன்று கரண்ட் தனித்தனியாக ஓடுகிறது. இன்ஜின் கிளப்ப, ஹெட்லைட், ஹாரனுக்கு ஒரு பேட்டரி. உள் விளக்கு, தண்ணீர் பம்புக்கு இன்னொரு பேட்டரி. இரண்டும் 12 வோல்ட். மூன்றாவது, நீ வீட்டிலிருந்து கொடுத்த 120 வோல்ட். ஏசியும் பிளக் பாயின்ட்டும் அதில்தான். உன்னை அடித்ததும் அதுதான். நீ இழுத்த ஒயரின் இரண்டு முனையையும் போட்டோ எடுத்து அனுப்பு.

நான், 8.04
📷 📷

அப்பா, 8.06
இரண்டாவது போட்டோவைப் பெரிதாக்கிப் பார். உருண்டை முள் அடியோடு ஒடிந்திருக்கிறது, பித்தளை மொட்டையாகத் தெரிகிறது. அது எர்த். வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்கோ கசியும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்ப முடியாமல் அந்த அலுமினியத் தகடு முழுக்க ஏறி நிற்கிறது. நீ ஈரப் புல்லில் நின்று தொட்டாய், உன் உடம்பு அதற்கு வழியாகிவிட்டது. லேசாக இருந்தது என்று விட்டுவிடாதே. இன்று உனக்கு லேசு, முழுக்க நனைந்த பிள்ளைக்கு லேசு இல்லை.

அம்மா, 8.07
ராத்திரி பிள்ளைகளை அதில் படுக்க வைக்கிறேன் என்று சொன்னாயே. வேண்டாம்ப்பா.

நான், 8.08
இல்லைம்மா, இன்று கிடையாது.

அப்பா, 8.10
அந்த ஊரில் ஈரமான இடத்து பாயின்ட்டில் ஜிஎஃப்சிஐ வைப்பார்களே, 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும். நம் வீட்டில் அதே வேலை செய்யும் ஆர்சிசிபி கூட 30 மில்லி ஆம்பியரில்தான் அறுக்கும். உன் ஜிஎஃப்சிஐ ஏன் விழவில்லை?

நான், 8.12
கரேஜ் பாயின்ட் வீடு கட்டிய காலத்தது. வாசல் பாயின்ட்டில்தான் ஜிஎஃப்சிஐ இருக்கிறது.

அப்பா, 8.15
அப்போ அதையே வைத்துத் தேடலாம். கடையில் மூன்று முள் உள்ள தடிமனான ஒயர் வாங்கு. அதைச் செருகும் முன் வண்டியின் 120 பெட்டியைத் திறந்து, நியூட்ரல் பட்டைக்கும் எர்த் பட்டைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார். வீட்டு மெயின் பெட்டியில் அந்த இரண்டும் சேர்ந்திருக்கும். வண்டிப் பெட்டியில் சேரவே கூடாது. பழைய ஓனர்கள் தெரியாமல் சேர்த்துவிடுவார்கள்.

டல்லாஸ் மாமா, 8.31
மாப்பிள்ளை, வண்டிக்கென்று 30 ஆம்பியர் பாயின்ட் போட ஆள் கூப்பிட்டால் கவனம். என் நண்பர் வீட்டில் எலெக்ட்ரீஷியன் அதை துணி உலர்த்தும் டிரையர் பாயின்ட் என்று நினைத்து 240 கொடுத்துவிட்டார். ஏசி, கன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நொடியில் போச்சு. மோட்டார்ஹோமின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட்தான், மொத்தமே 3600 வாட். வேலை முடிந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகு.

அக்கா, 8.33
கன்வெர்ட்டர் என்றால் நம் வீட்டு இன்வெர்ட்டரா மாமா?

டல்லாஸ் மாமா, 8.35
தலைகீழ்மா. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வீட்டு கரண்ட் உண்டாக்கும். கன்வெர்ட்டர் 120ஐ 12 ஆக்கி உள் விளக்குக்குக் கொடுக்கும், பேட்டரியையும் சார்ஜ் செய்யும். அந்தக் காலத்துப் பெட்டி ஹ்ம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருக்கும். பேட்டரி நிறைந்தாலும் பல பெட்டிகளுக்கு நிறுத்தத் தெரியாது, தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்.

ஞாயிறு

நான், காலை 10.20
நியூட்ரல், எர்த் சேரவில்லை. புது ஒயரை வாசல் பாயின்ட்டில் செருகி, வண்டி பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஏசி, சரி. கன்வெர்ட்டர், சரி. ஃபிரிட்ஜ் ஏற்றியதும் டக்! ஜிஎஃப்சிஐ விழுந்துவிட்டது.

அப்பா, 10.22
ஹீட்டர் எலிமென்ட். அந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது, சூடு கொடுத்துத்தான் குளிர வைக்கும். உள்ளே ஈரம் இறங்கியிருக்கும். ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வை. எலிமென்ட் மாற்றும்வரை கேஸில் ஓட்டு. பேட்டரி பார்த்தாயா?

நான், 10.29
மாமா சொன்னது சரி. மூடியைத் திறந்தால் தகடுகள் தண்ணீருக்கு மேலே வெள்ளை பூத்து நிற்கின்றன. சார்ஜை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 12.1 வோல்ட். இன்னொன்று அப்பா, 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றில் யாரோ சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றியிருக்கிறார்கள்.

அப்பா, 10.33
உடனே எடு. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, தீ வைக்கும். 100 வாட்டுக்கு 120 வோல்ட்டில் 1 ஆம்பியர்கூட ஓடாது. 12 வோல்ட்டில் 8க்கு மேல் ஓடும். அந்தத் தாளை வைத்தால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர்தான் எரியும். அந்த ஒயர் பலகைக்குப் பின்னால் போகிறது.
12.1 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கும். தகடு முங்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் போடு, மீதியை சார்ஜ் ஏறின பிறகு ஊற்று. கண்ணாடி போட்டுக்கொள், பக்கத்தில் கேஸ் பற்ற வைக்காதே.

நான், 10.52
தாளை எடுத்து புது ஃபியூஸ் போட்டுவிட்டேன். வண்டித் தகட்டுக்கும் ஈர மண்ணில் குத்திய ஸ்க்ரூடிரைவருக்கும் இடையே மீட்டர் வைத்தேன். ஒரு வோல்ட்கூட இல்லை.

அப்பா, 10.53
மழை விட்ட பிறகு மறுபடி ஒரு தடவை பார். செருப்பு போட்டுக்கொண்டு.