புதுப்பிப்பு: மெட்ஃபார்மின் எடுக்கும் அம்மாவின் பாதம் மரத்துப்போனது வைட்டமின் பி12 குறைவால்

சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கும் 71 வயது அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பி12 பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. டாக்டரிடம் கேட்டதும் எழுதிக் கொடுத்தார். முடிவு 148, 200க்குக் கீழே போனாலே குறைவுதானாம். நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும் என்று அம்மாவிடமே பொறுமையாக விளக்கினார்.

எதிர்பாராத விஷயம், வயிற்று அமிலத்துக்காகத் தினமும் காலையில் போடும் பான்டோப்ரசோல் மாத்திரையும் பி12 உறிஞ்சுவதைக் குறைக்குமாம். அம்மாவுக்கு இனி அது தேவையில்லை என்று அவரே நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது. ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது, ஆகவே இரத்தசோகை இல்லையே என்று பி12-ஐப் பார்க்காமல் விடாதீர்கள். ஊசி ஆரம்பித்த பிறகு மரத்துப்போவது நன்றாகக் குறைந்திருக்கிறது. இரவு எரிச்சல் மட்டும் இன்னும் இருக்கிறது.