தெர்மல் பேஸ்ட்டுக்குத் தமிழில் என்ன? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

மணப்பாறை ஆசிரியை:
குழுமத்தாருக்கு வணக்கம். 2008-இல் வாங்கி, பரணில் கிடந்த எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை இறக்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரோடு உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறேன். ரேம் (நினைவக) அட்டையின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்ததும் பீப் சத்தம் நின்றது. அணைத்துப் போட்டால் தேதி பழையபடி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிஆர்2032 பொத்தான் பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது. ப்ராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்காக இரண்டு பக்கக் கையேடு எழுதிவிட்டேன். தாய்ப்பலகை, மின்தேக்கி எல்லாம் தமிழில் வந்துவிட்டன. இந்தப் பேஸ்ட் மட்டும் நிற்கிறது. உதவுங்கள்.

கோவை:
வெப்பப் பசை. இதற்கு ஓர் இழையா?

கும்பகோணம் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
பசை என்றால் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கென்றே ஒரு வகை தனியாக விற்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்? வெம்மை + களிம்பு = வெங்களிம்பு. வெந்நீர், வெஞ்சினம் போல. ஈறுபோதல் விதி படித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

சென்னை (ரிச்சி தெருவில் கணினி உதிரிபாகக் கடை):
ஐயா, வெந்நீர் சுடுகிற நீர். அப்படியானால் வெங்களிம்பு சுடுகிற களிம்பு. சிரிஞ்சில் இருக்கும்போது இது சுடாது. பண்புத்தொகை இங்கே பொருந்தாது. 'வெப்பக் களிம்பு' என்றால் வெப்பத்தைக் கடத்தும் களிம்பு, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தயிர்க்குடம் மாதிரி வல்லினமும் மிகும். கடைக்கு வருபவர்கள் 'பேஸ்ட் குடுங்க' என்றுதான் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

கும்பகோணம்:
தம்பி சொன்ன இலக்கணம் சரி, ஏற்கிறேன். ஆனால் இரவு முழுக்கத் தூக்கமில்லை. செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு என்பது சைவ சித்தாந்திகளுக்கு, உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்தின் உவமை. 'களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி' என்றார் திருமூலர். ஹீட்சிங்கின் அடி சிலவற்றில் செம்பு என்கிறீர்கள். நந்தியாம் சிவன் அறுத்ததை நாம் போய்ப் பூசுவதா? என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். 'இழுது' இருக்கிறதே! வெண்ணெய், நெய், கொழுப்பு எல்லாம் அதில் அடங்கும். புறநானூற்றில் 'இழுதின் அன்ன வால்நிணக் கொழுங்குறை' (வால் நிணம் என்றால் வெண்கொழுப்பு). இதுவும் வெள்ளைதானே? வெப்பிழுது.

கோவை:
பிள்ளைகள் அதை 'இழுத்து' என்று படித்து ஹீட்சிங்கை இழுப்பார்கள். நான் அப்படி இழுத்தவன். காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டதில் ஏஎம்டி ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, ஊசிகள் வளைந்து, தையல் ஊசியால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிமிர்த்தினேன். ஒட்டாது என்று யார் சொன்னது? பசைதான்.

யாழ்ப்பாணம்:
பொருளைப் பார்த்தால் இது கிறீஸ் வகை. சிலிக்கன் எண்ணெயில் துத்தநாக ஒக்சைட்டைக் குழைத்தது. 'வெப்ப மசகு' எண்டு சொல்ல வந்தன். ஆனால் எங்கட பத்திரிகைகளில மசகு எண்ணெய் எண்டால் நீங்கள் சொல்லுற கச்சா எண்ணெய். இங்க உள்ள பிள்ளை பெற்றோல் செட்டுக்குப் போயிடும்.

சென்னை:
எல்லோரும் 'கடத்தும்' என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் (நானும்தான்). கடத்துவதில் இதற்குப் பெரிய பெருமை இல்லை. மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை வாட் என்று கணக்கிட்டால் செம்பு ஏறத்தாழ 400, சாதாரணப் பேஸ்ட் ஒற்றை இலக்கம், காற்று 0.026. வழவழவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. அங்கே நிற்கும் காற்றை விரட்டி இடத்தை அடைப்பதுதான் இதன் வேலை. அதனால்தான் அதிகம் பூசினாலும் கேடு. செங்கல்லுக்கு நடுவே என்ன வைக்கிறோம்? சாந்து. 'வெப்பச் சாந்து'.

கும்பகோணம்:
நெற்றிக்கும் சாந்துதான், மார்புக்கும் சாந்துதான். அழகான சொல். ஆனாலும் இழுது...

மணப்பாறை ஆசிரியை:
மன்னிக்க வேண்டும், சாந்து வகுப்பில் தேறவில்லை. ஒரு பையனின் அப்பா கொத்தனார். சொன்னவுடனே 'கரண்டி எடுத்துட்டு வரட்டா மிஸ்?' என்றான். பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம் என்று நான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்! 'களிம்பு' என்றபோது, பக்கத்திலிருந்தவள் விரல்நுனியைக் காட்டி 'இத்தனூண்டா மிஸ்?' என்று கேட்டாள். விரலால் தொடக்கூடாதுதான், ஆனால் அளவு சொல்லிலேயே வந்துவிட்டது. அதனால் வெப்பக் களிம்பு. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பூசியபின் கணினி நேற்று மாலை முழுக்க ஓடியது.

யாழ்ப்பாணம்:
சரி, எனக்கும் சம்மதம். களைச்சுப் போனன்.

சென்னை:
சம்மதம். கடையில் ஒரு சிரிஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்கிறேன்.

கோவை:
ஸ்டிக்கரை எதை வைத்து ஒட்டுவீர்கள்? என் வாக்கு பசைக்கே.

கும்பகோணம்:
பசை என்பதற்கு அன்பு என்றும் பொருள் உண்டு. 'பசையினள் பைய நகும்' (குறள் 1098). அந்த வகையில் கோவையார் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்று இன்று காலை தோன்றியது. அம்மா, அச்சகத்தில் இன்னும் நேரம் இருக்கிறதா?