நயா கிராமம், பிங்களா: பொட்டுவாக்களிடம் ஒருநாள் போய்வந்தவர்களின் குறிப்புகள்

கரக்பூர்வாசி:

மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிப்பூர் மாவட்டம், பிங்களா வட்டாரத்தில் இருக்கிறது நயா. ஊரில் ஒரு தெரு முழுக்கப் பொட்டுவாக்கள், அதாவது சுருள்பட ஓவியர்கள். எல்லார் பெயரின் பின்னும் சித்ரகர் என்று இருக்கும். கொல்கத்தாவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம், ஆனால் காலை ரயிலைத் தவறவிடக் கூடாது.

ஹௌராவிலிருந்து கரக்பூர் அல்லது மேதினிப்பூர் போகும் உள்ளூர் மின்ரயிலில் ஏறி பாலிச்சக்கில் இறங்க வேண்டும். சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். பெரும்பாலான விரைவு ரயில்கள் பாலிச்சக்கில் நிற்பதில்லை. வேகமாகப் போகலாம் என்று அதில் ஏறினால் கரக்பூரில்தான் இறங்க வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து கோரமண்டலில் வருகிறவர்களுக்கு அதுவே வசதி. அந்த ரயில் போய் முடியும் ஷாலிமார் வரை போகாமல் கரக்பூரில் இறங்கி, ஹௌரா பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் அரைமணியில் பாலிச்சக்.

நிலையத்துக்கு வெளியே பிங்களா, மொய்னா பக்கம் போகும் பேருந்துகள் கிடைக்கும். டோட்டோ என்று சொல்லும் மின்கல ஆட்டோவையும் பேசிக்கொள்ளலாம். நடத்துநரிடம் 'நயா' என்று மட்டும் சொன்னால் குழப்பம் வரும். அந்தச் சொல்லுக்குப் புதியது என்றும் பொருள், அதே பெயரில் வேறு இடங்களும் உண்டு. 'நயா, பொட்டுவா பாடா' என்று சொல்லுங்கள், சரியாக இறக்கிவிடுவார். டோட்டோ என்றால் திரும்பிவரும் நேரத்தையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு ஊருக்குள் வண்டி தேடுவது கடினம்.

காரில் போகிறவர்கள் கோலாகாட் தாண்டி தேப்ரா வரை தேசிய நெடுஞ்சாலையில் வந்து, அங்கே பாலிச்சக் பக்கம் திரும்ப வேண்டும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் போனால் ஓவியர்கள் இருப்பார்கள், ஆனால் நிறமும் பசையும் வெயிலில் காய வேண்டிய வேலை என்பதால் பாதி வேலை நின்றிருக்கும். நவம்பரில் மூன்று நாள் 'பொட் மாயா' திருவிழா நடக்கும், 2010 முதல் நடந்துவருகிறது. அப்போது எல்லா வீட்டு வாசலிலும் படங்கள் தொங்கும், நிறம் செய்து காட்டுவார்கள், கூட்டமும் இருக்கும். ஒரு வீட்டில் நிதானமாக உட்கார நினைப்பவர்கள் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது.

சுருள்:

போக்குவரத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். அங்கே போய் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன். பலரும் தவறவிடுவது அதைத்தான்.

நயாவுக்குப் போவது படம் வாங்க என்று நினைத்தால் பாதிதான் கிடைக்கும். பொட் என்பது பாடிக் காட்ட வரைந்த படம். ஓவியர் சுருளின் மேல்முனையைப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டியபடி பாடுவார். பாட்டுக்குப் பெயர் பொட்டேர் கான். ஒரு கட்டத்துக்குச் சில அடிகள் பாடிவிட்டு அடுத்ததை இறக்குவார். பாட்டின் முடிவில் தன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடி முடிப்பார். அதுதான் அவர் கையெழுத்து, அதற்கு பணிதா என்று பெயர். அதற்கு முன்பே கைதட்டி எழுந்துவிடாதீர்கள்.

நீளமான சுருளுக்கு ஜொடானோ பொட் என்றும், ஒரே காட்சியுள்ள சதுரப் படத்துக்கு சௌகோ பொட் என்றும் பெயர். சதுரப் படத்துக்குப் பெரும்பாலும் பாட்டு இருக்காது. கேட்க வேண்டும் என்றால் சுருளைக் காட்டி, 'ஏக்டா கான் ஷோனாபேன்?' என்று கேளுங்கள். ஒரு பாட்டுப் பாடுவீர்களா என்று பொருள். படம் வாங்காவிட்டாலும் பாட்டுக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இவர்களின் முன்னோர் வீடு வீடாகப் போய்ப் பாடி அரிசியும் காசும் பெற்றவர்கள். பாட்டு அவர்களுக்குக் கூலி வேலை, விற்பனைக்கு முன் காட்டும் மாதிரி என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கதையைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு மூன்றைச் சொல்கிறேன். முதலாவது மனசா கதை. பாம்புகளின் தேவி மனசாவை வணங்க மறுக்கிறார் வணிகர் சாந்த் சௌதாகர். அவர் மகன் லக்கிந்தரை முதலிரவில், இரும்பு அறைக்குள் இருந்த ஒரு துளை வழியாக வந்து பாம்பு கடிக்கிறது. மருமகள் பேஹுலா வாழைத்தண்டுத் தெப்பத்தில் பிணத்தோடு ஆற்றில் போகிறாள். தெப்பம் வரும் கட்டத்தில் பாடுபவரின் குரல் மாறுவதைக் கவனியுங்கள். கடைசியில் வணிகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடக்கையால்தான் பூ போடுவார்.

இரண்டாவது கமலே காமினி. சிங்கள தேசத்துக்குக் கப்பலில் போகும் வணிகர், கடலில் தாமரைமேல் அமர்ந்து யானையை விழுங்கி உமிழும் பெண்ணைக் காண்கிறார். அதை அரசனுக்குக் காட்ட முடியாமல் சிறைப்படுகிறார். அவரைத் தேடி மகன் கடலேறுகிறான். வங்கக் கதையில் இலங்கை எப்படி இருக்கிறது என்று பார்க்க நம் ஆட்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்றாவது மீன் கல்யாணம். சின்ன மீன்கள் எல்லாம் சேர்ந்து கல்யாணம் வைக்கும், அழைப்பில்லாத வாளை வந்து எல்லாரையும் விழுங்கிவிடும். குழந்தைகளோடு போனால் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

சத்திய பீர், காஜி பீர் என்ற இஸ்லாமிய ஞானிகளின் கதைகளும் உண்டு. 2004 சுனாமி, நியூயார்க் கோபுரத் தாக்குதல், எச்.ஐ.வி. விழிப்புணர்வு என்று புதியவையும் உண்டு. சில பழைய சுருள்களின் கடைசிக் கட்டத்தில் யமன் சபை இருக்கும், கதை எதுவானாலும் தண்டனைக் காட்சியோடு முடியும்.

இன்னொன்று. பொட்டுவாக்கள் நமாஸ் தொழுகிறவர்கள், வரைந்து பாடுவது ராமாயணமும் மனசாவும் கிருஷ்ண லீலையும். பலருக்கு இரண்டு பெயர் உண்டு. இதில் முரண்பாடு தேடி 'நீங்கள் இந்துவா முஸ்லிமா' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்வி அவர்களுக்குச் சலித்துப்போன ஒன்று, தயவுசெய்து கேட்காதீர்கள். ரம்ஜான் மாதத்தில் போனால் மதிய உணவை எதிர்பார்க்காமல் கையில் கொண்டுபோங்கள்.

நிறக்கூடு:

நிறங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓவியர் அடுப்படிக்கும் வேலிக்கும் கூட்டிப்போய்க் காட்டுவார், மறுக்காமல் போங்கள்.

மஞ்சள் நிறம் நம் மஞ்சள்கிழங்கிலிருந்து. நீலம் அபராஜிதாவிலிருந்து, அதாவது நம் சங்குப்பூ. பச்சை அவரை இலையைக் கசக்கிப் பிழிந்த சாறு. சிவப்புக்கு லட்கன் (அன்னாட்டோ) விதை, கையில் தேய்த்தாலே ஆரஞ்சாக ஒட்டும். வெற்றிலை, காசுக்கட்டி, சுண்ணாம்பு சேர்த்தும் சிவப்பு எடுப்பார்கள். தேக்கின் இலையிலிருந்து பழுப்புச் சிவப்பு வரும். கறுப்பு விளக்குக் கரி, வெள்ளை ஒரு வகை வெண்களிமண். எல்லாம் தேங்காய்ச் சிரட்டைகளில் தனித்தனியாக இருக்கும்.

இவை வெறும் சாறாக இருந்தால் காகிதத்தில் நிற்காது. வில்வப்பழத்தின் விதையைச் சுற்றியிருக்கும் பிசினை எடுத்து நீரில் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கிறார்கள். இதன் அளவில்தான் கைப்பழக்கம் தெரியும். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகு தொட்டாலே விரலில் நிறம் வரும். கூடினால் பளபளப்பாக இருக்கும், ஆனால் சுருட்டிச் சுருட்டி அவிழ்க்கும்போது வெடித்து உதிரும். சதுரப் படத்தில் தெரியாத இந்தக் குறை சுருளில் உடனே தெரிந்துவிடும். கரைத்த பிசின் வெப்பத்தில் விரைவில் புளித்து நாறும், அதனால் வேண்டிய அளவு மட்டும் கரைத்து, மிச்ச நிறத்தைச் சிரட்டையோடு வெயிலில் காயவைத்து, மறுபடி நீர்விட்டு எடுப்பார்கள்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குத் தவறுகிற இடங்கள் இரண்டு. சுண்ணாம்பு பட்ட கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்தால் சிவந்துவிடும், ஆரத்தி கரைத்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்குப்பூ நீலத்தில் புளிப்பு பட்டால் ஊதாவாகிவிடும், எலுமிச்சை நறுக்கிய கையோடு தொடாதீர்கள்.

வரையும் முறை இப்படி. காகிதத் தாள்களை நீளவாக்கில் இணைத்துக்கொள்வார்கள். கோடு இழுத்து, பெரிய பரப்புகளில் நிறம் நிரப்பி, காய்ந்த பின் அதன்மேல் அடுத்த நிறம். கறுப்பு எல்லைக்கோடும் கண்ணும் கடைசியில்தான். ஓரத்தில் பூவேலைப்பாடு ஓடும். படம் முடிந்த பிறகு பின்பக்கம் பழைய சேலைத் துணியைப் பசை தடவி ஒட்டிக் காயவைப்பார்கள். புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்த துணி நல்லது, அது இனிமேல் சுருங்காது. சுருங்கினால் காகிதம் சுருக்கம் விழுந்துவிடும். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணிக்கும் காகிதத்துக்கும் நடுவில் கொப்புளம் இருந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

தேநீர்க் கெட்டில், குடை, சட்டை, துப்பட்டா ஆகியவற்றில் இருப்பது கடையில் வாங்கிய நிறம். அதில் ஏமாற்று ஏதும் இல்லை, தாவர நிறம் துவைத்தால் நிற்காது. சுருளில் எது என்று தெரியவேண்டுமானால் 'கிஷேர் ரொங்?' என்று கேளுங்கள், எதன் நிறம் என்று அர்த்தம். மறைக்காமல் சொல்வார்கள். அவரை இலைப் பச்சை மங்கலாக, இடத்துக்கு இடம் அடர்த்தி மாறி இருக்கும். கிளிப்பச்சையாகப் பளிச்சென்று ஒரே சீராக இருந்தால் புட்டி நிறம். ஈரவிரலால் தேய்த்துச் சோதிக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கொடுமையைச் செய்யவே வேண்டாம், தாவர நிறம் உண்மையிலேயே கலைந்துவிடும், கெடுவது அடுத்தவர் பல நாள் உழைப்பு.

கங்கைக்கரை:

வாங்குவதும் வைத்துக்கொள்வதும் பற்றிச் சில வார்த்தை.

ஒடிசாவின் ரகுராஜ்பூர் பட்டசித்திரத்தையும் இதையும் ஒன்றாக எண்ணி விலை ஒப்பிடுகிறார்கள். அங்கே புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசிய துணியில் மிக நுணுக்கமான கோடு. இங்கே காகிதத்தில் விரைந்த தூரிகை, பெரிய கண், கதை நடை. வேறு வேறு கலைகள். வங்கப் பட்டசித்திரத்துக்கு 2018இல் தனியாகப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சின்ன சதுரப் படங்கள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். சுருளின் விலை நீளத்தையும் கட்டங்களையும் பொறுத்து ஆயிரங்களில் போகும். பேரம் பேசுவதற்கு முன் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள், பெரும்பாலும் பேரமே தேவைப்படாது. சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். ஒரே தெருவில் நாலு வீட்டில் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவது நியாயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு அந்தச் சுருளையே வாங்குவது மேல். எந்தப் பாட்டுக்குரியது என்று தெரியாத சுருள் வீட்டில் வெறும் அலங்காரமாகிவிடும். அனுமதி கேட்டு அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு, சுருளோடு சேர்த்து வையுங்கள். இணையத்தில் போடுவதென்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், பாடியவர் பெயர் இல்லாமல் போடவே கூடாது.

கொண்டுவரும்போது அகலத்தை அளந்துகொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையின் நீளம் பொதுவாக 55 சென்டிமீட்டர்தான். அதற்குமேல் அகலமான சுருளை உள்ளே வைக்க முடியாது, கெட்டி அட்டைக்குழாயில் போட்டு ஒப்படைக்கும் சாமான்களோடு அனுப்ப வேண்டியிருக்கும். முனைகளில் மூங்கில் குச்சி இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. இறுக்கிச் சுருட்டாதீர்கள், நடுவில் பருமனான உருளை வைத்துத் தளர்வாகச் சுருட்டினால் நிறம் வெடிக்காது.

நிறக்கூடு சொல்லாமல் விட்டது ஒன்று. மஞ்சள்கிழங்கு நிறம் வெளிச்சத்தில் முதலில் வெளுக்கும், லட்கனும் சங்குப்பூவும் அதன் பின்னாலேயே போகும். கரியும் களிமண்ணும் அப்படியே நிற்கும். வெயில் விழும் சுவரில் மாட்டிய படம் சில வருடங்களில் கறுப்புக் கோடாக மிஞ்சுவது இதனால்தான். சுருளைத் தொங்கவிடாமல் சுருட்டி வைத்து, வேண்டும்போது அவிழ்த்துப் பாருங்கள், அது அதற்காகவே செய்யப்பட்டது. சதுரப் படத்தைச் சட்டமிட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கடலோர ஊர்களின் ஈரத்தில் பிசின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் நிறம் கண்ணாடியோடு வந்துவிடும். பசையும் பழைய துணியும் வெள்ளிப்பூச்சிக்குப் பிடித்த உணவு. உலர்ந்த வேப்பிலை போட்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை அவிழ்த்து நிழலில் காற்றாட விடுங்கள்.

சுருள்:

ஒரு சேர்க்கை. கொல்கத்தாவில் ஒருநாள் கூடுதலாக இருப்பவர்கள் ஜோகாவில் உள்ள குருசதய் தத்தா அருங்காட்சியகத்தைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரியாக இருந்தபடியே கிராமம் கிராமமாகச் சுற்றிப் பழைய சுருள்களைச் சேர்த்தவர் அவர், 1941இல் காலமானார். பழைய சுருள்களின் யமன் சபையைப் பார்த்துவிட்டு நயாவுக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வரும்.

கரக்பூர்வாசி:

திரும்பும்போது பாலிச்சக்கிலிருந்து ஹௌராவுக்கு மாலையில் இரண்டு மூன்று உள்ளூர் ரயில்களின் நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். நீளமான சுருளின் பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு டோட்டோவுக்கு ஓடும்படி ஆகக் கூடாது. மதியம் மூன்று மணிக்குமேல் புதுப் பாட்டு ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள்.