மறு: கணைய அறுவைக்குப் பின்வரும் சிக்கலை முன்கூட்டிக் காட்டும் இரத்தச் சோதனைகள் – சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கணைய அறுவைக்குப் பின் வரும் சிக்கலை முன்கூட்டிக் காட்டும் இரத்தச் சோதனைகளுக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க, ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு இழையில் ஒருவர் முன்மொழிந்தது இது:

> 'குருதி முன்கணிப்பான்' என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தமும் வந்துவிடுகிறது, முன்கூட்டிச் சொல்வதும் வந்துவிடுகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. இருந்தாலும் என் வாக்கு இதற்கு இல்லை. அறுவைச் சிகிச்சைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தச் சோதனைகள் நோயாளியின் படுக்கையருகே என்ன வேலை செய்கின்றன என்பதைப் பார்த்துவிட்டால் சொல் தானாக அமையும்.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்று இருந்தால் செய்யும் பெரிய அறுவைக்கு விப்பிள் அறுவை என்று பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு நிலைத்த பெயர் இது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, எஞ்சிய கணையத்தைச் சிறுகுடலோடு தைத்து இணைப்பார்கள். அச்சம் எல்லாம் இந்த இணைப்பின் மேல்தான். கணையம் மென்மையாகவும் அதன் நாளம் ஒடுக்கமாகவும் இருந்தால் தையல் உறுதியாகப் பிடிப்பதில்லை. வழியும் கணைய நீரோ உணவைச் செரிக்கும் நீர். வயிற்றுக்குள் தேங்கினால் சுற்றியுள்ள திசுவையும் அரிக்கும், அருகில் ஓடும் தமனியையும் அரிக்கும். திடீரென்று இரத்தம் பெருக்கெடுத்து நோயாளி இறந்துபோவதும் உண்டு. ஆகவேதான் கசிவை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்துகொள்வதற்கு இத்தனை முயற்சி நடக்கிறது.

முன்னதாகத் தெரிந்துகொள்ள இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. கணையத்தின் மென்மை, நாளத்தின் விட்டம், நோயின் வகை, அறுவையின்போது இழந்த இரத்தம் ஆகிய நான்கையும் வைத்து மதிப்பெண் போடுவது ஒரு வழி. 2013-இல் வெளியான இந்த முறையைப் பலர் கையாள்கிறார்கள். இதில் இரத்தப் பரிசோதனையே கிடையாது. அறுவை அரங்கை விட்டு நோயாளி வெளியே வருமுன்பே மதிப்பெண்ணைக் கூட்டிவிடலாம். இதுதான் கணிப்பு. கணக்கிட்டுச் சொல்வதால் 'முன்கணிப்பு' என்ற சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

இரண்டாவது வழி இரத்தப் பரிசோதனை. இரத்தம் வேறு விதமாகப் பேசுகிறது. சிஆர்பி என்று நாம் எல்லோரும் சொல்லும் சி-எதிர்வினைப் புரதத்தையே எடுத்துக்கொள்வோம். நிமோனியாக் கிருமியின் செல்சுவரிலிருந்து எடுத்த 'சி' என்னும் சர்க்கரைப் பொருளோடு வினைபுரிகிறது என்று 1930-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். 'சி' வந்த வழி அதுதான், ஆகவே அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. உடலில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. கத்தி பட்டதே அழற்சிக்குப் போதும் என்பதால், ஒரு சிக்கலும் இல்லாத நோயாளிக்கும் இரண்டாம் மூன்றாம் நாள்வரை ஏறும். பிறகு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ மீண்டும் ஏறினாலோ மருத்துவர் கவலைப்படுவார். அந்தக் கட்டத்தில் சிக்கல் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். காய்ச்சலாகவோ வலியாகவோ வெளிப்படாமல் உள்ளே இருக்கும். ஏற்கெனவே நடப்பதை வெளியே தெரியுமுன் காட்டுவதைக் கணிப்பு என்பது பொருந்தவில்லை. உணர்த்துதல் என்பதே சரி.

எனவே என் முன்மொழிவு: முன்னுணர்த்தி.

'உணரி என்பது சென்சாருக்கு ஆகிவிட்டதே' என்று யாராவது கேட்பார்கள். உணரி தான் உணர்வது, உணர்த்தி பிறர்க்கு உணர்த்துவது. நடத்தி, கடத்தி போல அமைந்த சொல். குழப்பம் வராது.

அப்படியானால் 'மார்க்கர்' என்பதற்கான 'குறிப்பான்' வேண்டாமா என்றால், வேண்டும். சித்த மருத்துவத்தில் 'குறிகுணம்' என்ற சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. நோயைக் காட்டுவதற்குக் 'குறி' என்பது நம் மருத்துவ மரபிலேயே ஊறிய வேர். இரத்தத்தில் அளக்கும் பொருளுக்குக் 'குருதிக் குறிப்பான்' என்ற பொதுப்பெயர் இருக்கட்டும். அது என்ன வேலை செய்கிறது என்பதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதே என் வாதம், ஏனென்றால் ஒரே பொருள் வேறு வேறு நாளில் வேறு வேறு வேலை செய்கிறது. அறுவைக்கு மறுநாள் இரத்தத்தில் அமைலேஸ் (மாவுப்பொருளைச் செரிக்கும் கணைய நொதி) உயர்ந்திருந்தால், மீந்த கணையத்தில் அழற்சி தொடங்கியிருக்கலாம், பின்னால் கசிவும் வரலாம் என்ற முன்னுணர்த்தி அது. அதே உயர்வு 48 மணி நேரமாவது நீடித்து, ஸ்கேனிலும் அழற்சி தெரிந்து, நோயாளியின் நிலையும் மாறினால், அறுவைக்குப் பிந்தைய கணைய அழற்சி என்றே பெயரிட வேண்டும் என்று கணைய அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழுவின் 2022 வரையறை சொல்கிறது. அப்போது அமைலேஸ் நோயறிதலின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

> வடிகுழாய் அமைலேஸையும் குருதிக் குறிப்பான் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

சேர்க்கக் கூடாது. வடிகுழாயில் வருவது வயிற்றுக்குள் தேங்கிய நீர், இரத்தம் அன்று. அதற்கு 'வடிநீர்க் குறிப்பான்' போதும்.

அடுத்தது, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. சிஆர்பியின் பெரிய பயன் ஆபத்தைக் காட்டுவதைவிட ஆபத்து இல்லை என்று காட்டுவதில்தான் இருக்கிறது. நான்காம் நாள் அளவு நன்றாக இறங்கியிருந்தால், பெரிய சிக்கல் இல்லை என்று ஓரளவு நம்பிக்கையோடு வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம். உயர்ந்திருந்தால் அப்படி உறுதியாக எதையும் சொல்ல முடியாது: நுரையீரலில் நிமோனியா இருக்கலாம், காயத்தில் சீழ் இருக்கலாம், கசிவும் இருக்கலாம். ஆகவே 'கட் ஆஃப்' என்பதற்கு வெறுமனே 'வெட்டெல்லை' என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் கீழே இருந்தால் ஐயத்தைக் கைவிடலாம் என்ற பொருள் வரும்படி ஐயநீக்க அளவு என்கிறேன். இது எத்தனை மில்லிகிராம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. கலைச்சொல் பட்டியலில் எண் போட வேண்டாம். கிருமித்தொற்றில் உயரும் புரோகால்சிட்டோனின் இருக்கிறதே என்றால், அதையும் தனித்து நம்புவதில்லை, சிஆர்பியோடு சேர்த்தே பார்க்கிறார்கள். பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, இணைப்பிலிருந்து கணைய நீர் கசிவதை ஆங்கிலத்தில் குறிக்கும் 'ஃபிஸ்டுலா'. அகராதியில் 'பவுத்திரம்' என்று இருக்கிறது என்பதற்காகக் 'கணையப் பவுத்திரம்' என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பவுத்திரம் என்றதும் நம் மக்களுக்கு ஆசனவாய் நோய்தான் நினைவுக்கு வரும். உயிருக்குப் போராடும் ஒருவரின் மனைவி அந்தச் சொல்லைப் படித்து எதையோ புரிந்துகொண்டு நிற்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. எல்லாவற்றையும் 'கணையக் கசிவு' என்று எழுதிவிடவும் முடியாது. அதே பன்னாட்டுக் குழு 2005-இல் ஏ, பி, சி என்று மூன்று படிகள் வகுத்தது. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வடிநீரில் அமைலேஸ், இரத்தத்தின் இயல்பான மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தாலே ஏ படி. ஆனால் அதனால் நோயாளிக்கு ஒரு தீங்கும் இல்லாததால், 2016-இல் அந்தப் படியை நீக்கி, அது வெறும் உயிர்வேதிக் கசிவு என்று பெயரையே மாற்றினார்கள். ஆகவே நமக்கும் இரண்டு சொற்கள் தேவை. தீங்கில்லாததற்கு உயிர்வேதிக் கசிவு; நோயாளிக்குத் தீங்கான பி, சி படிகளுக்குக் கணையப் புரை. 'புரையோடிய புண்' என்று சொல்லும்போது மக்கள் மனத்தில் எழும் பொருள் இதற்கு மிக நெருக்கம். கண்புரை இடிக்கிறது என்பது தெரியும். 'கணைய' என்ற அடைமொழி வந்துவிட்டால் எவரும் கண்ணை நினைக்க மாட்டார்கள்.

நோயாளிக் கையேட்டில் இப்படி வரும்:

"அறுவைக்குப் பின் நாள்தோறும் இரத்தம் எடுப்போம். அதிலுள்ள முன்னுணர்த்திகள் ஐயநீக்க அளவுக்குக் கீழே வந்துவிட்டால், கணையப் புரை உண்டாகியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கீழே வராவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

உரக்கப் படித்துப் பாருங்கள். இடறும் சொல் எது என்று சொல்லுங்கள்.

ஈழத்து நண்பர்களிடம் தனியாக ஒரு கேள்வி. பள்ளி நூல்களில் நீங்கள் கணையத்தைச் 'சதையி' என்கிறீர்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மண் அது, உங்கள் சொல்லை ஓரங்கட்டிவிட்டுப் பட்டியலை முடிக்க எனக்கு மனமில்லை. 'சதையிப் புரை' என்று இணைச்சொல்லாகப் போடலாமா? அங்கே மருத்துவமனையில் 'புரை' என்றால் வேறு பொருள் வருமா? இந்த இரண்டுக்கும் விடை வந்ததும் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.