ஒரே ரிங், மூன்று விதமான தாமதம்: 31 வினாடி எங்கிருந்து வருகிறது?

இரவுப்பணி:
வணக்கம். ஒரு மெஷின் லைனின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு சுவிட்ச், எஸ்1 முதல் எஸ்6 வரை வரிசையாக, எஸ்6 திரும்ப எஸ்1-க்கு என ரிங்காக இணைத்திருக்கிறது. எல்லா லிங்க்கும் 100 எம்பிபிஎஸ். எஸ்1தான் ரூட் (மற்றவை வழி தேடிப் பார்க்கும் தலைமைச் சுவிட்ச்), சர்வரும் அதில்தான். மற்ற ஐந்திலும் இரண்டு மூன்று பிஎல்சி (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆர்எஸ்டிபி (ரிங்கில் தரவு சுற்றிக்கொண்டே இருக்காதபடி ஒரு வழியை மூடி வைத்து, லிங்க் அறுந்தால் அதைத் திறக்கும் நெறிமுறை) ஓடுகிறது, டைமர் எதையும் நான் தொட்டதில்லை.

லைன் நின்றிருந்த நேரம் பார்த்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் சோதித்தேன். எஸ்5-எஸ்6 நடுவே பிடுங்கினால் ஒரு வினாடிக்குள் மறுபக்கமாக வந்துவிடுகிறது. எஸ்3-எஸ்4 நடுவே பிடுங்கினால் எஸ்4-இன் பிஎல்சிகள் 6 வினாடி காணாமல் போகின்றன. எஸ்2-எஸ்3 நடுவே பிடுங்கினால் எஸ்3-இல் இருப்பவை முழுசாக 31 வினாடி போகின்றன. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் 31.

சர்வரை 2 வினாடிக்கு மேல் காணாவிட்டால் பிஎல்சி லைனை நிறுத்திவிடும். எஸ்2-எஸ்3 கேபிளை மாற்றினேன், இரண்டு பக்கமும் போர்ட்டை மாற்றினேன், பலனில்லை. எஸ்3 சுவிட்சையே மாற்ற வேண்டியதுதானா?

போர்ட்24:
30-ஐ ஒட்டி ஒரு எண் வந்தாலே அது பார்வர்டு டிலேதான் (போர்ட்டைத் திறக்கும் முன் சுவிட்ச் இரண்டு கட்டமாகக் காத்திருக்கும் நேரம்), 15-ம் 15-ம். பிஎல்சி போர்ட்டுகளை எட்ஜ் (எதிரே சுவிட்ச் இல்லாத போர்ட்) என்று வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ரிங் திசை மாறும்போது சுவிட்ச் அந்தப் போர்ட்டையும் மூடிவிட்டு, எதிரே இருப்பதும் சுவிட்சோ என்று கேட்டுக் காத்திருக்கும். பிஎல்சிக்கு அந்த பாஷை தெரியாது, பதிலே வராது. 30 வினாடி கழித்துத்தான் திறக்கும்.

எட்ஜ் சரியாக இருந்தால் பார்வர்டு டிலேயை 4 ஆக்கி, மேக்ஸ் ஏஜை (ரூட்டின் செய்தி செல்லுபடியாகும் வயது வரம்பு) 6 ஆக்குங்கள். 30 இருந்த இடத்தில் 8 வரும்.

இரவுப்பணி:
எட்ஜ் எல்லாம் முன்பே வைத்தாயிற்று, இப்போது மறுபடியும் பார்த்தேன். 8 வினாடியும் எனக்கு உதவாது சார், 2-க்குள் வர வேண்டும்.

பழைய கம்பி:
சுவிட்சை மாற்றாதீர்கள், டைமரையும் தொடாதீர்கள். ஆர்எஸ்டிபியில் ரூட்டின் செய்தி ஒவ்வொரு சுவிட்சைத் தாண்டும்போதும் அதன் வயது ஒன்று கூடும். மேக்ஸ் ஏஜை 6 ஆக்கினால், ரிங் அறுந்து ஒரே சங்கிலியாக நீளும் நாளில் ஏழு சுவிட்ச் வரைதான் தாங்கும். பின்னால் யாராவது இன்னும் இரண்டு சுவிட்சைச் சேர்ப்பார்கள், எட்டாவதுக்கு ரூட் இருப்பதே தெரியாது. அன்றைக்கு உங்களைத்தான் எழுப்புவார்கள்.

நீங்கள் கொடுத்த மூன்று எண்ணிலேயே பதில் இருக்கிறது. 1-க்குக் கீழே வருகிறது என்றால் ஆர்எஸ்டிபி நன்றாகவே வேலை செய்கிறது. 6 என்பது மூன்று ஹலோ (சுவிட்சுகள் அனுப்பும் "இருக்கிறேன்" செய்தி): 2 வினாடிக்கு ஒன்று, தொடர்ந்து மூன்று வராவிட்டால்தான் அந்தப் பக்கம் போய்விட்டது என்று எஸ்4 முடிவுக்கு வருகிறது. அதாவது கேபிள் அறுந்தும் எஸ்4-இன் போர்ட்டில் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. நடுவே ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) உட்கார்ந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

இப்போது 31. பிடுங்கிய இடத்திலேயே தேடுகிறீர்கள், கோளாறு அங்கே இல்லை. சாதாரண நாளில் எஸ்4 எஸ்3 வழியாக ரூட்டைப் பார்த்துக்கொண்டு, எஸ்5 பக்கத்தை மாற்றுவழியாக மூடி வைத்திருக்கிறது. எஸ்2-எஸ்3 போனதும் எஸ்5 பக்கம் உடனே திறந்துவிடும். ஆனால் எஸ்3-க்கு மிச்சமிருக்கும் ஒரே வழி எஸ்4. எஸ்4 அதைப் பார்த்து "இனிமேல் என் வழியாக வா, சம்மதமா?" என்று கேட்கும். எஸ்3 சம்மதித்தால் கண்மூடித் திறப்பதற்குள் வழி பிறந்துவிடும்.

இந்தக் கேள்வியும் சம்மதமும் பாயிண்ட்-டு-பாயிண்ட் லிங்க்கில் (இரண்டே சுவிட்ச் நேருக்கு நேர்) மட்டுமே செல்லும். போர்ட் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியாத நிலை) இருந்தால், நடுவே ஹப் இருக்கலாம், அந்தப் பக்கம் எத்தனை பேரோ என்று சுவிட்ச் பயந்து அதை ஷேர்டு லிங்க் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் பழைய கதை, 15-ம் 15-ம். எஸ்4-இல் எஸ்3-ஐப் பார்த்த போர்ட்டின் டூப்ளெக்ஸைப் பாருங்கள், லேட் கொலிஷன் கவுன்ட்டரையும் (டூப்ளெக்ஸ் பொருந்தாதபோது ஏறும் மோதல் எண்ணிக்கை) பாருங்கள். எஸ்1-எஸ்2-ஐப் பிடுங்கினாலும் இதே 31 வர வேண்டுமே, செய்தீர்களா?

இரவுப்பணி:
எஸ்1-எஸ்2 இன்றைக்குப் பிடுங்கினேன். 31!

கன்வெர்ட்டரும் இருக்கிறது. எஸ்4-இல் ஃபைபர் போர்ட் கிடையாது, அதனால் யாரோ ஒரு கன்வெர்ட்டரைக் கேபிள் ட்ரேக்குப் பின்னால் டேப் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் வரைபடத்தில் அது இல்லவே இல்லை. அதன் டிப் சுவிட்ச் (அமைப்பை மாற்றும் சிறு பொத்தான்) 100 ஃபுல் என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது, எஸ்4-இன் போர்ட்டோ ஆட்டோ. எதிர்முனை பேச்சுவார்த்தைக்கே வராததால் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு, டூப்ளெக்ஸை ஹாஃப் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. லேட் கொலிஷன் ஐந்து இலக்கத்தில் நின்றது. இரண்டு வருஷமாக அந்தத் திரையை நான் திறந்ததே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கன்வெர்ட்டரை ஆட்டோவுக்கு மாற்றியதும் எஸ்4-இல் லிங்க் டைப் பாயிண்ட்-டு-பாயிண்ட் என்று வந்தது. 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பிங் விட்டு எஸ்2-எஸ்3-ஐப் பிடுங்கினேன். போனது 23 பிங்தான், அதாவது கால் வினாடிக்கும் குறைவு. அதே கன்வெர்ட்டரில் இன்னொரு டிப் சுவிட்ச், ஃபைபர் போனால் செம்புப் பக்கத்தையும் அணைக்கிற வசதி. அதைப் போட்டதும் அந்த 6 வினாடியும் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

போர்ட்24:
என் 4-ஐயும் 6-ஐயும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 50 மில்லிசெகண்டுக்குள் வேண்டுமென்றால் ஆர்எஸ்டிபியை விட்டு ஈஆர்பிஎஸ் (ரிங்குக்கென்றே உள்ள வேகமான நெறிமுறை) பக்கம் போக வேண்டும், உங்கள் 2 வினாடிக்கு அது தேவைப்படாது.

பழைய கம்பி:
பிடுங்கும்போது எவ்வளவு போகிறது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பச் செருகும்போதும் ரிங் மறுபடி திசை மாறும், அதையும் அளந்துவிடுங்கள். அப்புறம் எஸ்1-ஐ அணைத்துப் பாருங்கள்.

இரவுப்பணி:
செருகும்போது 9 பிங். எஸ்1-ஐ அணைக்கவில்லை சார். சர்வருக்கு அதிலிருந்து ஒரே ஒரு கேபிள்தான் போகிறது, முதலில் எஸ்6-க்கு ஒன்று இழுத்துவிட்டு வருகிறேன்.