ஹைட்ரஜனால் பிணைப்பை முறிக்கும் வினைக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

ஹைட்ரஜனைக் கொண்டு ஒரு பிணைப்பை முறிக்கும் வினையை ஆங்கிலத்தில் hydrogenolysis என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில், கிளிசராலைப் புரோப்பிலீன் கிளைகாலாக மாற்றும் இவ்வகை வினையை 'ஹைட்ரஜனேற்றம்' என்றே எழுதிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்ணெயைக் கெட்டிக் கொழுப்பாக்கும்போது இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறிக்கொள்கிறது. மூலக்கூறிலிருந்து எதுவும் கழல்வதில்லை. 'ஏற்றம்' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. கிளிசராலில் மூன்று கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி. அவற்றில் ஒன்றைப் பிடித்திருக்கும் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு முறிந்து, ஆக்சிஜன் நீராக வெளியேற, அந்த இடத்துக்கு ஹைட்ரஜன் வருகிறது. முறிவுதான் இங்கே முக்கியம்.

தாமிர வினையூக்கியின் மேல் இது பெரும்பாலும் இரண்டு படிகளில் நடக்கும். முதலில் நீர் நீங்கி அசிட்டால் என்ற இடைப்பொருள் உண்டாகும். அப்புறம்தான் அசிட்டாலில் ஹைட்ரஜன் ஏறும். ஆகவே ஹைட்ரஜனேற்றம் என்பது பிற்பாதியின் பெயர் மட்டுமே.

'ஆக்சிஜன் நீக்கம்' என்ற இன்னொரு பரிந்துரை தெளிவானது, ஆனால் குறுகியது. ருத்தேனியத்தைப் பயன்படுத்தினால் கார்பன்–கார்பன் பிணைப்பும் முறிந்து எத்திலீன் கிளைகால் வரும். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கந்தகத்தை நீக்குவதும் இதே வகை முறிவுதான். அங்கே முறிவது கார்பன்–கந்தகப் பிணைப்பு. எந்தப் பிணைப்பு என்று சொல்லுக்குள் வைத்துக் கட்டக்கூடாது. எதனால் முறிகிறது என்பதைத்தான் வைக்க வேண்டும்.

அதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. இரண்டிலும் உயிராக இருப்பது மூன்றாம் வேற்றுமை 'ஆல்'. அது இல்லாமல் 'நீர்ப்பகுப்பு' என்றால், நீரால் பகுப்பதா, நீரையே பகுப்பதா என்று குழப்பம் வரும். இலங்கையில் நீர்ப்பகுப்பு என்ற வடிவம் நன்றாகவே புழங்குகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது பற்றி இவ்வளவு எழுதப்படும் நாளில், புதிதாக ஆக்கும் சொல்லுக்கு 'ஆல்' தேவை என்று நினைக்கிறேன். ஹைட்ரஜனை 'நீரகம்' என்று சொல்லி ஆக்கிய 'நீரகப்பகுப்பு' என்ற பரிந்துரைக்கும் இதே சிக்கல் உண்டு. தவிர, நீராற்பகுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வேகமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். தனித்தமிழ்ச் சொல்லை விட்டுக்கொடுப்பது எனக்கும் வருத்தம்தான், ஆனால் இந்த இடத்தில் தெளிவுக்கே முதலிடம்.

என் பரிந்துரை: ஹைட்ரஜனாற்பகுப்பு. ஐதரசன் என்று எழுதுவோருக்கு ஐதரசனாற்பகுப்பு. நீளம்தான், ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கும் பொருள் விளங்கும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்: "100 கிலோ பயோடீசல் தயாரிக்கும்போது ஏறத்தாழ 10 கிலோ கிளிசரால் உடன் கிடைக்கிறது. அதை ஹைட்ரஜனாற்பகுத்தால், ஓரத்து ஹைட்ராக்சில் கழன்று புரோப்பேன்-1,2-டையாலும் (புரோப்பிலீன் கிளைகால்), நடு ஹைட்ராக்சில் கழன்று புரோப்பேன்-1,3-டையாலும் கிடைக்கும். பின்னது பாலியெஸ்டர் இழைக்கு மூலப்பொருள். அதைப் பெறுவதுதான் கடினம், பிளாட்டினத்தோடு டங்ஸ்டன் ஆக்சைடு சேர்ந்த வினையூக்கிகள் அதற்கு உதவுகின்றன."

வினைச்சொல்லாகவும் தடங்கல் இல்லாமல் வருகிறது. 'பகுப்பு' என்பதற்குப் பதில் 'முறிப்பு' பொருந்தும் என்று நினைப்பவர்கள், இதே வாக்கியங்களில் அதைப் போட்டு எழுதிக் காட்டுங்கள்.